சென்சாரைக் குத்தம் சொல்லாதீங்க சார்!

திண்டுக்கல் பக்கம் வந்து 'ஸ்பிண்டில்'னு சொன்னா எல்லாருக்கும் நூல் மில்லுதான் ஞாபகத்துக்கு வரும். ஒரு மில்லு எவ்வளவு பெருசுன்னு கேட்டாக்கூட "எத்தனை ஆயிரம் ஸ்பிண்டில்?"னுதான் கேப்பாங்க. நான் பேசப் போறது அந்தக் கதிரைப் பத்தி இல்லை. சிஎன்சி மெஷின்ல வெட்டுற டூலைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்து சுத்துதே, அந்த ஸ்பிண்டில். அதுக்குப் பக்கத்துல சுண்டுவிரல் தடிமன்ல உக்காந்துக்கிட்டு எல்லார்கிட்டயும் திட்டு வாங்குதே, அந்த ப்ராக்சிமிட்டி சென்சார். பட்டறை பாஷையில 'ப்ராக்ஸி'.

"பி.காம். படிக்கிற உனக்கு எதுக்குடா இந்த வேலை?"ன்னு கிளாஸ்ல இருக்கிற நண்பர்கள் கேப்பீங்க. கேளுங்க, ஆனா முழுசாப் படிச்சுட்டுக் கேளுங்க. மேலுக்கு இது மெக்கானிக் பிரச்சினை மாதிரி தெரியும். உள்ளே போனா சுத்தமான கணக்குப் பிரச்சினை.

எங்க செம்பட்டியில இருந்து ஒட்டன்சத்திரம், பழனி வழியா கோயம்புத்தூர் பஸ் ஏறி பட்டறை வேலைக்குப் போறவங்க நிறைய பேர் உண்டு. டர்னர், ஃபிட்டர், சிஎன்சி ஆபரேட்டர், மெயின்டனன்ஸ்னு ஆளுக்கொரு வேலை. பொங்கல், தீபாவளிக்கு ஊருக்கு வந்தா டீக்கடையில பாதிப் பேச்சு மெஷின் பேச்சுதான். அந்தப் பேச்சுல நான் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் ஒண்ணு: "ப்ராக்ஸி தொந்தரவு பண்ணுச்சுப்பா, பைபாஸ் பண்ணிட்டு ஓட்டிட்டோம்."

ஏதோ பெரிய சாமர்த்தியம் மாதிரி சொல்றாங்க. கேக்குறவங்களும் தலையாட்டுறாங்க. இது சாமர்த்தியம் இல்லைங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்தச் சின்ன சாமான் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். தெரிஞ்சவங்க நாலு பத்தி தாண்டிப் போயிடலாம்.

மெஷின்ல இருக்கிற ப்ராக்ஸி பெரும்பாலும் இண்டக்டிவ் வகை. முகப்புக்குள்ள ஒரு காயில், அதை ஓட்ட ஒரு ஆஸிலேட்டர். காயிலுக்கு முன்னாடி வேகமா மாறிக்கிட்டே இருக்கிற ஒரு சின்ன காந்தப்புலம் உண்டாகும். அதுக்குள்ள இரும்பு வந்தா அந்த இரும்புல சுழல் மின்னோட்டம் கிளம்பி ஆஸிலேட்டரோட சக்தியை உறிஞ்சும். ஆஸிலேஷன் தளரும். உள்ளே இருக்கிற சர்க்யூட் அதைப் பார்த்து "ஆள் வந்தாச்சு"ன்னு அவுட்புட்டை மாத்தும். தொடுறதும் இல்லை, தேயறதும் இல்லை, அசையற பாகம் ஒண்ணுகூட இல்லை. ஜெர்மனியில பெப்பர்ல் ஃபுக்ஸ் கம்பெனி 1958-லயே இதைச் செஞ்சது. வயசு அறுபத்தஞ்சுக்கு மேல ஆன தொழில்நுட்பம். புதுசு, புரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

ஸ்பிண்டில்ல இதுக்குப் பல வேலை உண்டு. பழைய மெஷின்கள்ல எம்19 கட்டளை குடுத்தா ஸ்பிண்டில் ஒரே கோணத்துல வந்து நிக்கணும். அதுக்கு ஒரு சுத்துக்கு ஒரு சிக்னல் குடுக்கிறது பல இடங்கள்ல ப்ராக்ஸிதான். கியர் பாக்ஸ் இருந்தா லோ கியரா ஹை கியரான்னு சொல்றது. ஸ்பிண்டில் நிஜமாவே சுத்துதான்னு பார்க்கிறது. டூல் மாத்துற கை எங்க இருக்குன்னு சொல்றது. இதையெல்லாம் விட முக்கியமான வேலை, டூல் பிடிபட்டிருக்கா இல்லையான்னு சொல்றது.

அதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன், மொத்த விவாதமும் அங்கதான் நிக்குது. ஸ்பிண்டிலுக்கு நடுவுல டிரா பார்னு ஒரு தண்டு. கிண்ணம் மாதிரி இருக்கிற ஸ்பிரிங் வாஷர்களை அடுக்கி வெச்சு, அந்த அடுக்குதான் தண்டை எப்பவும் மேல இழுத்துக்கிட்டே இருக்கும். தண்டோட நுனியில இருக்கிற கிரிப்பர் டூல் ஹோல்டரோட புல் ஸ்டட்டைக் கவ்வும். டூலை விடணும்னா ஹைட்ராலிக்கோ காத்தோ மேல இருந்து தண்டை அமுக்கும். தண்டு இப்போ எந்த இடத்துல இருக்குன்னு ப்ராக்ஸி பார்க்கும். முழுசா கீழே இருந்தா 'டூல் விட்டாச்சு'. நடுவுல நின்னா 'டூல் பிடிச்சாச்சு'. கவ்வ ஒண்ணும் இல்லாம இன்னும் மேல போயிட்டா 'உள்ளே டூலே இல்லை'. இந்த மூணுல 'பிடிச்சாச்சு' வந்தாத்தான் ஸ்பிண்டில் சுத்த அனுமதி.

இப்போ ஒரு கணக்கு. 63 மி.மீ. விட்டமுள்ள கட்டர், நிமிஷத்துக்கு 8000 சுத்து. விளிம்போட வேகம் என்ன? 3.14 × 0.063 × 8000 ÷ 60. நொடிக்கு 26 மீட்டருக்கு மேல. மணிக்குச் சொன்னா சுமார் 95 கிலோமீட்டர். சில கிலோ எடையும் கூரான கார்பைடு முனையும் உள்ள ஒரு சாமான், அந்த வேகத்துல சுத்திக்கிட்டு இருக்கும்போது பிடி விட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அது விடாதுன்னு காவல் இருக்கிறவன்தான் அந்தச் சின்ன சென்சார்.

அவன் கையைத்தான் கட்டிப் போடுறாங்க. எப்படி? மூணு வழி. ஒண்ணு, சென்சார் ஒயரைக் கழட்டிட்டு 24 வோல்ட்டை நேரா பிஎல்சி இன்புட்டுக்குக் குடுத்துடறது. இதுதான் ஜம்பர். ரெண்டு, சென்சார் முகத்துல ஒரு இரும்புத் துண்டை ஒட்டிடறது. அது ஆயுசுக்கும் "ஆள் இருக்கான்"னு சொல்லிக்கிட்டே இருக்கும். மூணாவதுதான் ரொம்ப மோசம், ஏன்னா அது ரிப்பேர் மாதிரியே தெரியும். அலாரம் வந்தா சென்சார் நட்டைத் தளர்த்தி, லைட் எரியற வரைக்கும் தள்ளி வெச்சு, மறுபடி இறுக்கிடறது. "செட்டிங் பண்ணிட்டேன் சார்"னு ரிப்போர்ட்.

யோசிச்சுப் பாருங்க. நேத்து வரைக்கும் சரியா வேலை செஞ்ச இடத்துல இன்னிக்கு சிக்னல் வரலைன்னா நகர்ந்தது யாரு? சென்சாரோட நட்டு தளர்ந்திருக்கலாம், அதைப் பார்த்தா தெரிஞ்சுடும். நட்டு இறுக்கமா இருந்தா நகர்ந்தது தண்டு. கிரிப்பர் தேஞ்சிருக்கலாம். புல் ஸ்டட் வேற அளவுல மாட்டியிருக்கலாம். டேப்பருக்குள்ள சுருள் மாட்டியிருக்கலாம். ஸ்பிரிங் வாஷர் உடைஞ்சு துண்டு சிக்கியிருக்கலாம். இதுல எதுவா இருந்தாலும் அது ஸ்பிண்டிலோட நோய். நோயைச் சொன்னவனைத் தள்ளி உக்கார வெச்சா நோய் போயிடுமா?

"இல்லப்பா, சென்சார் சும்மா சும்மா பொய் அலாரம் குடுக்குது"ன்னு சொல்றவங்களுக்கு வர்றேன். ஒத்துக்கிறேன், குடுக்கும். ஆனா அதுக்கும் காரணம் உண்டு, கண்டுபிடிக்க வழியும் உண்டு. டீக்கடை அண்ணன்கள்கிட்ட கேட்டும் மேனுவல் பார்த்தும் நான் புரிஞ்சுக்கிட்ட வரிசை இது:

1. அலாரத்தை முழுசாப் படிக்கணும். ரீசெட் பட்டனை அமுக்குறது வைத்தியம் இல்லை. எந்த இன்புட் வரலைன்னு கன்ட்ரோலோட டயக்னாஸ்டிக் ஸ்கிரீன்லயே தெரியும். ஃபானுக்கா இருந்தா பிஎம்சி பக்கத்துல அந்த இன்புட் 0-வா 1-ஆன்னு நேராவே பார்க்கலாம்.

2. சென்சார் மேல இருக்கிற எல்இடியைப் பார்க்கணும். கை வெக்கிறதுக்கு முன்னாடி எமர்ஜென்சி ஸ்டாப், அதோட காத்தையும் ஹைட்ராலிக்கையும் மூடணும். இது முக்கியம். நீங்க ஸ்க்ரூடிரைவரை சென்சார் முன்னாடி காட்டினா, மெஷின் "தண்டு வந்துடுச்சு"ன்னு நம்பி அடுத்த அசைவை ஆரம்பிச்சுடலாம். கை உள்ளே இருக்கும்.

3. ஸ்க்ரூடிரைவர் காட்டினா எல்இடி எரியுது, ஸ்கிரீன்ல இன்புட் மாறலை: ஒயர், கனெக்டர், இன்புட் கார்டு பக்கம் தேடுங்க. ஸ்க்ரூடிரைவருக்கு எரியுது, உண்மையான பாகத்துக்கு எரியலை: இடைவெளி மாறியிருக்கு, அல்லது பாகம் வர வேண்டிய இடத்துக்கு வரலை. ஸ்க்ரூடிரைவருக்கும் எரியலை: மீட்டர் எடுங்க. பிரவுன் ஒயருக்கும் நீல ஒயருக்கும் நடுவுல 24 வோல்ட் இருக்கா? இல்லைன்னா சப்ளை கோளாறு. இருந்தும் எரியலைன்னா அப்போதான் சென்சார் செத்திருக்கு.

4. முகத்தைத் துடைச்சுப் பார்க்கணும். இரும்புச் சுருள் அங்க ஒட்டியிருந்தா சென்சார் நிரந்தரமா ஆன். அதுவும் பொய்தான், ஆனா பழி சுருள் மேல.

5. கேபிளை ஆட்டிப் பார்க்கணும். தலை மேலயும் கீழயும் போய் வர்ற இடத்துல கேபிள் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ள கம்பி அறுந்திருக்கும், மேல தோல் நல்லா இருக்கும். கனெக்டருக்குள்ள கூலன்ட் இறங்கியிருக்கும். காலையில ஓடுது, சூடானதும் அலாரம்னு சொல்ற மெஷின்ல இதையும் பாருங்க, இடைவெளி ரொம்ப விளிம்புல இருக்கான்னும் பாருங்க. சூட்டுல உலோகம் விரியும்.

6. இடைவெளியை ஃபீலர் கேஜ் வெச்சு அளக்கணும். சாதாரண 12 மி.மீ. ஃப்ளஷ் சென்சாருக்குப் பெயரளவு தூரம் 2 மி.மீ.ன்னு போட்டிருந்தா, எந்தச் சூழ்நிலையிலும் கேரன்டியா வேலை செய்யறது அதுல 81 சதவீதம் வரைக்கும்தான், அதாவது 1.62 மி.மீ. அதுவும் மைல்ட் ஸ்டீலுக்கு. எதிர்ல அலுமினியமோ பித்தளையோ இருந்தா தூரம் ஏறக்குறைய பாதிக்கும் கீழ. எல்இடி எரியற கடைசி இழையில வெச்சு நட்டை முறுக்கிட்டு வந்தா அடுத்த வாரம் அலாரம் வரத்தான் செய்யும்.

7. மாத்தறதுன்னா அதே வகையை மாத்தணும். பிஎன்பி இருந்த இடத்துல என்பிஎன் போட்டா எல்இடி அழகா எரியும், இன்புட் வராது. ஃப்ளஷ்ஷுக்குப் பதிலா நான்-ஃப்ளஷ் போட்டா சுத்தி இருக்கிற இரும்பையே பார்த்துக்கிட்டு எப்பவும் ஆன்ல நிக்கும். அப்புறம் "டூப்ளிகேட் சென்சார்"னு கடைக்காரரைத் திட்டுவாங்க.

ஏழாவதுக்கு வர்றதுக்குள்ள முக்கால்வாசிக் கேஸ் முடிஞ்சுடும்னு அண்ணன்கள் சொல்றாங்க. ஆக பொய் அலாரங்கறது பெரும்பாலும் சுருள், தண்ணி, ஒயர், இடைவெளி. எல்லாமே ஒரு மணி நேரம் பொறுமையா நின்னா தீர்ற விஷயம்.

இன்னொண்ணும் சொல்லணும், சென்சாரைக் கடவுளாக்கவும் கூடாது. அது பார்க்கிறது தண்டு நிக்கிற இடத்தை மட்டும்தான். எவ்வளவு பலமா இழுக்குதுன்னு அதுக்குத் தெரியாது. வாஷர்கள் தளர்ந்து இழுவை பாதியாப் போனாலும் தண்டு சரியான இடத்துல நிக்கலாம், சென்சாரும் ஓகே சொல்லலாம். இழுவையை அளக்க ஸ்பிண்டில்ல மாட்டிப் பார்க்கிற தனி ஃபோர்ஸ் கேஜ் இருக்கு. சென்சார் இருந்தே இவ்வளவு ஓட்டைன்னா, அதையும் பைபாஸ் பண்ணிட்டா மிச்சம் என்ன இருக்கு? சாமி கும்பிடறதுதான்.

சரி, இப்போ கணக்குக்கு வருவோம். என் ஏரியா :)

ஒரு மணி நேரம் பொறுமையா நின்னு பார்த்தா தீர்ற பிரச்சினையை ஏன் யாரும் நின்னு பார்க்கிறதில்லை? ஆபரேட்டர் சோம்பேறியா? ஷிஃப்ட் முழுக்க நிக்கிறவரைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அவரைச் சுத்தி இருக்கிற கணக்கு அப்படி இருக்கு.

ஒரு பேச்சுக்கு மெஷின் மணி ரேட் 600 ரூபாய்னு வெச்சுக்குவோம். ஒரு ஷிஃப்ட் நின்னா 4800. சென்சார் 1500. ரெண்டும் கண்ணுக்குத் தெரியும். ஒண்ணுக்கு பில் வரும், இன்னொண்ணுக்கு சூப்பர்வைசர் திட்டு வரும். ஜம்பர் ஒயருக்கு என்ன விலை? அரை அடி ஒயர். பில் இல்லை, வவுச்சர் இல்லை, ஸ்டோர் இஷ்யூ சிலிப் இல்லை. எந்த லெட்ஜர்லயும் ஏறாது. மாசக் கடைசியில ரிப்பேர் செலவு குறைஞ்சிருக்கு, உற்பத்தி குறையலை. பேப்பர்ல பார்த்தா பைபாஸ் பண்ணினவர்தான் நல்ல தொழிலாளி. ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தி கேபிளைத் தேடினவர் 'டவுன்டைம்' ஆள்!

நாம காஸ்டிங்ல படிக்கிறோமே, அசாதாரண விடுநேரம். அதை வேலையோட செலவுல சேர்க்காம காஸ்டிங் லாப நட்டக் கணக்குக்குக் கொண்டு போகணும்னு ஐந்து மார்க் கேள்விக்கு எழுதறோம். எதுக்கு அப்படிப் பிரிக்கச் சொன்னாங்க? நிர்வாகம் அந்த நஷ்டத்தைத் தனியாப் பார்த்து, ஏன் நடந்ததுன்னு கேக்கணும்னு. ஆனா பைபாஸ் பண்ணினா விடுநேரமே இல்லை. அதனால கேள்வியும் இல்லை. நோயை மறைச்சதுல புள்ளிவிவரமும் மறைஞ்சுடுச்சு.

நான் சொல்றேன், அந்த ஜம்பர் ஒயர் ஒரு கடன். இன்னிக்கு நிறுத்தாம ஓட்டின நேரத்தை நாளைக்குத் திருப்பிக் குடுக்கறதா எழுதிக் குடுத்த கடன். ஸ்பிண்டில் பேரிங் போனா, டேப்பர் கீறினா, டூல் பறந்து டேபிள்ல அடிச்சா அது லட்சங்கள்ல வரும். வட்டி எவ்வளவுன்னு தெரியாது, என்னிக்குக் கேப்பான்னும் தெரியாது. கணக்கியல் தரநிலை 29-ன்படி இதெல்லாம் தற்செயல் பொறுப்புல வராதுப்பா, நடந்து முடிஞ்ச நிகழ்வு எதுவும் இல்லையேன்னு சி.ஏ. படிக்கிற நண்பர்கள் சொல்வீங்க. சரிதான். இலக்கணப்படி வராது. அதனாலதான் ஆடிட்டரும் கேக்க மாட்டார், பேங்க்கும் கேக்காது. கேக்க ஆளில்லாத கடனை யாருதான் வாங்க மாட்டாங்க?

அதுலயும் கொடுமை, இந்தக் கடனை வாங்கறவர் ஒருத்தர், கட்டறவர் வேற ஒருத்தர். ஓனர் பணத்துல கட்டலாம். ஆபரேட்டர் எதுல கட்டுவார்?

1923-ல வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல ஒரு அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனா சம்பாதிக்கிற திறன்ல 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுசாப் போனா 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. இதை முதல் தடவை பார்த்தப்போ எனக்கு நம்ம தேய்மான அட்டவணைதான் ஞாபகம் வந்தது. ஃபர்னிச்சருக்கு இவ்வளவு, மெஷினரிக்கு இவ்வளவு, விரலுக்கு இவ்வளவு. அந்தச் சட்டத்தோட முறைப்படி ஒரு கணக்கு போட்டேன். 22 வயசு, மாசச் சம்பளம் 15,000. அதுல 60 சதவீதம் 9000. வயசுக்கான காரணி 221.37. பெருக்கி, அதுல 14 சதவீதம் எடுத்தா சுமார் 2 லட்சத்து 79 ஆயிரம். நம்ம வயசுப் பையனோட வலது ஆள்காட்டி விரல், ஆயுசுக்கும் சேர்த்து, அவ்வளவுதான். இ.எஸ்.ஐ. இருந்தா அது வேற கணக்கு. ரெண்டுமே இல்லாத பட்டறையில வேலை பார்த்தா? ஆஸ்பத்திரி செலவை ஓனர் குடுத்தாரேன்னு நன்றி சொல்லிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

மிகைப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. சேஃப் இன் இந்தியாங்கற அமைப்பு 2019-ல இருந்து 'க்ரஷ்ட்'ங்கற பேர்ல அறிக்கைகள் வெளியிட்டுக்கிட்டு வந்திருக்கு. கார், பைக் கம்பெனிகளுக்குப் பாகம் செய்யற சின்னப் பட்டறைகள்ல கை நசுங்கி விரல் போனவங்களைப் பத்தினது. அதிகம் பவர் பிரஸ் விபத்துகள்தான், ஸ்பிண்டில் இல்லை. ஆனா கதை ஒண்ணுதான். பாதுகாப்பு சென்சாரே இல்லை, இருந்தா வேலை செய்யலை.

இது நம்ம ஊர் புத்தி மட்டும்தான்னும் சொல்ல மாட்டேன். ஜெர்மனியில தொழில் விபத்துக் காப்பீட்டுச் சங்கங்களோட கூட்டமைப்பு 2006-ல ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. உலோக வேலை மெஷின்கள்ல இருக்கிற பாதுகாப்பு அமைப்புகள்ல சுமார் 37 சதவீதம் தற்காலிகமாவோ நிரந்தரமாவோ ஏமாத்தப்பட்டிருக்குன்னு அதுல வந்தது. ஜெர்மனியில! அவங்க அதுக்கப்புறம் என்ன பண்ணாங்கங்கறதுதான் கவனிக்க வேண்டியது. "தொழிலாளியைக் கண்டி"ன்னு மட்டும் சொல்லி முடிக்கலை. ஏன் ஏமாத்தத் தோணுது, எந்த வேலைக்கு அந்தக் காவல் இடைஞ்சலா இருக்குன்னு மெஷின் டிசைன் பண்ணும்போதே மதிப்பிடணும்னு கேட்டாங்க. ஐஎஸ்ஓ 14119 தரநிலையிலயும் அது இடம் பிடிச்சது. கோட் இல்லாத ப்ராக்ஸியை எந்த இரும்புத் துண்டை வெச்சும் ஏமாத்திடலாம், அதனால கோட் உள்ள சென்சாரைத் தனி வகையாப் பிரிச்சதும் அதே தரநிலைதான்.

நம்ம சட்டம்? 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 21-வது பிரிவு, ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான காவல் வேணும், மெஷின் ஓடும்போது அது இடத்துல இருக்கணும்னு தெளிவாச் சொன்னது. 2025 நவம்பர் 21-ல புதுத் தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் அமலுக்கு வந்தது. மின்சாரம் உபயோகிக்கிற இடத்துல 10 பேர் இருந்தா 'தொழிற்சாலை'ன்னு இருந்த வரையறை, அதுல 20 பேரா ஏறிடுச்சு. ரெண்டு சிஎன்சி, பன்னெண்டு ஆள்னு இருக்கிற பட்டறைகள் எந்தப் பக்கம் போகும்னு நீங்களே பாருங்க.

இப்போ எதிர்த்தரப்பு. நியாயமா பேசணும் இல்லையா?

"வருஷக்கணக்கா பைபாஸ்ல ஓடுது, ஒண்ணும் ஆகலையே?" பத்து வருஷமா தீ விபத்து நடக்கலை, அதனால ஃபயர் இன்சூரன்ஸ் தண்டம்னு யாராவது பரீட்சையில எழுதுவீங்களா? அந்த சென்சாருக்கு வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் உண்மையான வேலை. எந்த நாள்னு முன்கூட்டித் தெரிஞ்சா மத்த நாள் கழட்டி வெச்சுக்கலாம்.

"சின்ன ஓனர் என்ன பண்ணுவார்? லாட் இன்னிக்கு ராத்திரி போயாகணும், சர்வீஸ் இன்ஜினியர் வர ரெண்டு நாள் ஆகும்." இந்த வாதத்துக்கு மட்டும் எனக்கு மரியாதை உண்டு. அவரோட கழுத்தை நெரிக்கிறது யாருன்னு பாருங்க. டெலிவரி ஒரு நாள் தப்பினா ஆர்டர் போகும்னு மிரட்டற பெரிய கம்பெனிதான், பில் பணத்தை மாசக்கணக்கா இழுத்தடிக்குது. 2006-ம் வருஷ குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்துல 45 நாளைக்குள்ள பணம் குடுக்கணும், தாமதமானா வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டின்னு இருக்கு. வட்டி கேட்டா அடுத்த ஆர்டர் வராதுன்னு எந்தச் சின்ன ஓனரும் வாய் திறக்கிறதில்லை. பணம் நேரத்துக்கு வந்தா ரெண்டு ஸ்பேர் சென்சார் அலமாரியில இருக்கும். அதனால ஜம்பர் ஒயரோட ஒரு முனை பிஎல்சியில இருக்கு, இன்னொரு முனை அந்தப் பெரிய கம்பெனியோட பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்ல இருக்குன்னு நான் சொல்வேன்.

ஆனாலும் அது ஓனருக்கு முழு மன்னிப்பு ஆகாது. எல்லா சென்சாரும் ஒண்ணு இல்லை. சிப் கன்வேயர் சென்சாரோ லூப் ஆயில் லெவல் சென்சாரோ கெட்டுப் போய், ஒரு ஆள் கண்ணால பார்த்துக்கிட்டு அன்னிக்கு ராத்திரி மட்டும் ஓட்டினா நான் சண்டைக்கு வர மாட்டேன். டூல் பிடிபட்ட சென்சார், கதவு, ஸ்பிண்டில் நின்னுடுச்சான்னு பார்க்கிறது, இந்த மூணுலயும் கை வெக்கக் கூடாது. லாட் போகலைன்னா பரவாயில்லை. போகட்டும்.

குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நல்லா இருக்காது. செலவே இல்லாத நாலு விஷயம்:

ஒண்ணு, பைபாஸ் ரிஜிஸ்டர். நாப்பது பக்க நோட்டு போதும். எந்த மெஷின், எந்த சென்சார், யார் பண்ணாங்க, ஏன், எந்தத் தேதிக்குள்ள எடுக்கணும், அனுமதிச்சவர் கையெழுத்து. கையெழுத்து போடணும்னு வந்தாலே பாதி பைபாஸ் நின்னுடும். நம்ம வவுச்சர் சிஸ்டம் வேலை செய்யறதே இந்தப் பயத்துலதானே.

ரெண்டு, பைபாஸ் பண்ணின மெஷின்ல சிவப்புத் துணி கட்டணும். அடுத்த ஷிஃப்ட் ஆளுக்குத் தெரியணும். டீக்கடையில நான் கேட்டதுல ரொம்ப பயமான கதை இதுதான்: ராத்திரி ஷிஃப்ட் போட்ட ஜம்பர், பகல் ஷிஃப்டுக்குத் தெரியாது.

மூணு, அலாரம் வந்து நின்ன நேரத்தை ஆபரேட்டர் தலையில எழுதாம 'சென்சார் தேடல்'னு தனித் தலைப்புல எழுதணும். மூணு மாசம் எழுதினா எந்த மெஷின்ல எந்தக் கேபிள்னு தானா தெரியும்.

நாலு, சென்சார் இடைவெளியைப் புதுசா இருக்கும்போதே அளந்து மெஷின் மேலயே பெயின்ட்ல எழுதி வெக்கணும். அப்புறம் யாரு நகர்ந்தாங்கன்னு விவாதமே வேண்டாம்.

கடைசியா கிளாஸ் நண்பர்களுக்கு. நம்மள்ல பாதிப் பேர் நாளைக்கு ஏதாவது பட்டறையிலயோ மில்லுலயோ அக்கவுன்ட்ஸ்ல உக்காரப் போறோம். பத்து மெஷின் ஓடுது, வருஷம் முழுக்க சென்சாருக்கு ஒரு பில் கூட வரலைன்னா "ஆஹா, செலவு மிச்சம்"னு டிக் அடிச்சுட்டுப் போகாதீங்க. சுருளும் கூலன்ட்டும் நடுவுல பத்து மெஷின்ல ஒரு கேபிள் கூட போகலைங்கறது நம்பற மாதிரியா இருக்கு? எழுந்து ஷாப் ஃப்ளோருக்குப் போங்க. எலக்ட்ரிகல் பேனலைத் திறக்கச் சொல்லுங்க. லேபிள் இல்லாத ஒயர் ஒண்ணு இங்கிருந்து அங்க தாவியிருக்கான்னு கேளுங்க. முறைப்பாங்க. பரவாயில்லை, கேளுங்க.

பி.கு.: இதைப் படிக்கிற மெயின்டனன்ஸ் அண்ணன்கள் யாராவது இருந்து, மேல சொன்ன ஏழு படியில எதையாவது மாத்தணும்னு தோணினா சொல்லுங்க. ஆனா "பைபாஸ் பண்ணாம ஓட்டவே முடியாதுப்பா"ன்னு மட்டும் வராதீங்க. அதுக்குத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன்.